அமெரிக்கக் கிராமப்புற வீட்டுக் கடன்: இடம், வருமானம், வீடு

அமெரிக்காவில் முன்பணம் போடாமல் வீடு வாங்குவதற்கு மத்திய அரசின் ஆதரவோடு இருக்கும் முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று படையில் பணியாற்றியவர்களுக்கானது. மற்றொன்று, யூஎஸ்டிஏ எனப்படும் வேளாண்மைத் துறை நடத்தும் கிராமப்புற வீட்டுக் கடன். துறையின் பெயரைப் பார்த்து இது விவசாயிகளுக்கான கடன் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் ஆசிரியர், செவிலியர், லாரி ஓட்டுநர் என யாரும் விண்ணப்பிக்கலாம். வருமானம் ஈட்டும் பண்ணையைத்தான் இந்தக் கடனில் வாங்க முடியாது.

1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் 502ஆம் பிரிவின் கீழ் இரண்டு கடன்கள் உள்ளன. பெரும்பாலோர் பெறுவது உத்தரவாதக் கடன். இதில் பணம் தருவது வங்கியோ தனியார் கடன் நிறுவனமோதான். கடன் திரும்பாவிட்டால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பில், கடன் தொகையின் 90 சதவீதம் வரை அரசு ஈடுகட்டும். ஆகவே அரசின் உத்தரவாதம் கடன் கொடுத்தவருக்கே அன்றி வாங்கியவருக்கு அல்ல. தவணை தவறினால் வீடு பறிபோவது இங்கும் உண்டு.

இடம்தான் முதல் கேள்வி. நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுண்டியின் பெயரை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. விதி பார்ப்பது ஊரின் மக்கள்தொகையையும் அதன் இயல்பையும். பொதுவாக 10,000 பேர் வரை வாழும், கிராமத்தன்மை மாறாத ஊர்கள் தகுதி பெறும். பெருநகரப் புள்ளியியல் பகுதிக்கு (பெரிய நகரும் அதைச் சார்ந்த சுற்றுப்புறமும்) வெளியே இருந்து, வீட்டுக் கடன் எளிதில் கிடைக்காத நிலையும் இருந்தால் 20,000 வரை ஏற்கப்படும். முன்பே தகுதி பெற்றிருந்த சில ஊர்கள் 35,000 வரை வளர்ந்தாலும் சில நிபந்தனைகளோடு தொடரலாம். ஒஹையோ மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டியில் சுமார் 44,000 பேர் வாழ்கிறார்கள். ஆனால் அதன் தலைநகரான மில்லர்ஸ்பர்கில் இருப்பவர்கள் ஏறத்தாழ 3,000 பேர்தான். கணக்கில் வருவது இரண்டாவது எண். மறுபுறம், ஒரே கவுண்டியில் நகரை ஒட்டிய தெரு தகுதி வரம்புக்கு வெளியேயும் சற்றுத் தள்ளிய தெரு உள்ளேயும் அமைவது உண்டு. துறையின் இணையதள வரைபடத்தில் வீட்டின் முகவரியை இட்டுப் பார்ப்பதே உறுதியான வழி.

வருமான விதியில்தான் விண்ணப்பங்கள் அதிகம் சிக்குகின்றன. குடும்பத்தின் ஆண்டு வருமானம் அந்தப் பகுதியின் நடுநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி கீழும் ஈட்டும் தொகை) 115 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2025இல் பெரும்பாலான கவுண்டிகளுக்கு இந்த உச்சவரம்பு நான்கு பேர் வரையுள்ள குடும்பத்துக்கு 1,19,850 டாலர். ஐந்து முதல் எட்டுப் பேர் வரை என்றால் 1,58,250 டாலர். செலவு மிகுந்த பகுதிகளில் இது கூடுதலாக இருக்கும்.

ஒரு குடும்பத்தில் ஆண்டுக்குக் கணவர் 62,000, மனைவி 48,000 டாலர் சம்பாதிக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தை ஒன்று. உடன் தங்கியிருக்கும் மனைவியின் தம்பி ஒரு கடையில் வேலை பார்த்து 15,000 ஈட்டுகிறார் என்று கொள்வோம். தம்பி கடனில் கையெழுத்திடாவிட்டாலும் வீட்டில் வாழும் வயதுவந்தவர் என்பதால் அவர் வருமானமும் சேரும். மொத்தம் 1,25,000, வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் குழந்தைக்கு 480 டாலர் கழிவு உண்டு. பெற்றோர் வேலைக்குச் செல்வதற்காகச் செலுத்தும் குழந்தைக் காப்பகக் கட்டணம் 7,200 என்றால் அதுவும் கழியும். மீதி 1,17,320, தகுதி கிடைத்துவிடுகிறது. காப்பக ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பது இங்கே விளங்கும். ஆனால் தவணை கட்டும் திறனை அளக்கும்போது கடனில் கையெழுத்திடுபவர்களின் 1,10,000 மட்டுமே கணக்கு. தம்பியின் சம்பளம் வரம்பை நெருக்கும், கடன் தொகையை உயர்த்த உதவாது. விதி சற்றுக் கடுமையானதுதான்.

பொதுவாக வீட்டுச் செலவு மொத்த மாத வருமானத்தில் 29 சதவீதத்துக்குள்ளும், மற்றக் கடன்களையும் சேர்த்தால் 41 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கடன்களை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றைக் காட்டும் மதிப்பெண்ணான கிரெடிட் ஸ்கோர் 640 இருந்தால் பரிசீலனை எளிது. விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரக் குடியுரிமையான கிரீன் கார்டு வைத்திருப்பவர் போன்ற தகுதியுள்ள குடியேறியாகவோ இருக்க வேண்டும். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பொருந்தாது.

வாங்கும் வீட்டில் தாமே குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விட வாங்க முடியாது. கிராமப்புற வீடுகளில் சொந்தக் கிணறு இருந்தால் குடிநீர்ப் பரிசோதனை கட்டாயம்.

முன்பணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்றாகாது. தொடக்கத்தில் கடன் தொகையில் 1 சதவீதம் உத்தரவாதக் கட்டணம். பிறகு ஆண்டுதோறும் மீதிக் கடனில் 0.35 சதவீதம். 2,00,000 டாலர் கடனுக்கு முதலில் 2,000 டாலரும், முதல் ஆண்டில் மாதம் ஏறக்குறைய 58 டாலரும் ஆகும். தொடக்கக் கட்டணத்தைக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம். வட்டி 30 ஆண்டுகளுக்கும் மாறாதது.

வருமானம் மிகக் குறைந்து, வேறெங்கும் கடன் கிடைக்காதவர்களுக்கு இரண்டாவது வகையான நேரடிக் கடன் உண்டு. துறையே பணம் தந்து, மானியத்தின் மூலம் வட்டிச் சுமையை 1 சதவீதம் வரை குறைக்கும். தவணைக் காலம் 33 ஆண்டுகள், சிலருக்கு 38. வீட்டைப் பின்னால் விற்கும்போது அந்த மானியத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர நேரிடலாம் என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.