லோ சுகருக்குச் சீனி போதாத மாத்திரை

பார்க்க ஒரே மாத்திரைதான். அதற்குள் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் என மூன்று மருந்துகள். இரண்டாம் வகை நீரிழிவுக்கு இந்தியாவில் பரவலாக எழுதித்தரப்படும் கலவை இது. மூன்றும் உடலின் வெவ்வேறு இடங்களில் வேலை செய்வதால், ஒன்றின் பக்கவிளைவுக்கான தீர்வை இன்னொன்று தடுத்துவிடக்கூடும்.

ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது கணையத்தின் பீட்டா செல்களில் பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்ளும், கால்சியம் உள்ளே நுழையும், இன்சுலின் வெளிவரும். கிளிமிபிரைடு குளுக்கோஸுக்காகக் காத்திராமல் அந்த வாயில்களைத் தானே மூடுகிறது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, அதாவது லோ சுகர் ஆகி, கை நடுங்கி வியர்த்துக் கொட்டுவது இதனால்தான். கிளிமிபிரைடு சேர்ந்த சல்ஃபோனைல்யூரியா என்ற மருந்து வகையே ஒரு பக்கவிளைவிலிருந்து பிறந்தது. 1942இல் பிரான்ஸின் மோன்பெலியேயில் டைஃபாய்டு நோயாளிகளுக்கு சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி வகையைச் சேர்ந்த ஒரு மருந்தைக் கொடுத்தபோது, அவர்களுக்குச் சர்க்கரை சரிந்ததை மருத்துவர் மார்செல் ஜான்போன் கண்டார்.

வோக்ளிபோஸ் சிறுகுடலில் மாவுச்சத்தையும் சீனியையும் உடைக்கும் நொதிகளைத் தடுக்கிறது. உடையாமல் பெருங்குடலுக்குப் போவதை பாக்டீரியாக்கள் நொதிக்கவைப்பதால் வாயுவும் வயிற்று உப்புசமும் வரும். மெட்ஃபார்மினும் தொடக்கத்தில் வயிற்றைக் கலக்கும். இவை தொல்லைதான், ஆபத்தல்ல.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. லோ சுகர் என்றதும் நாம் வாயில் போடுவது சீனி, மிட்டாய், கருப்பட்டி. இவற்றில் பெரும்பங்கு சுக்ரோஸ் என்ற சர்க்கரை; குடலில் உடைந்தால்தான் அது ரத்தத்தில் சேரும். அதை உடைக்கும் நொதியைத்தான் வோக்ளிபோஸ் கட்டிப்போட்டிருக்கிறது! ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தாமதமாகும். உடைக்கத் தேவையில்லாத குளுக்கோஸ் பவுடர்தான் இங்கே வேண்டும்: 15 கிராம் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழேயே இருந்தால் மறுபடி 15 கிராம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மருந்துச் சீட்டோடு கட்டாயம் சொல்லப்பட வேண்டிய செய்தி இது. பல வீடுகளுக்கு இது போய்ச் சேருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மெட்ஃபார்மினின் இன்னொரு விளைவு மெதுவாக வரும். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 உட்கிரகிப்பு குறையும். கால் எரிச்சலும் மரத்துப்போவதும் நீரிழிவு நரம்புப் பாதிப்பு போலவே இருப்பதால், 'சுகராலதான்' என்று விட்டுவிடுவார்கள். சைவ உணவுக்காரர்களுக்குக் கவனம் கூடுதலாகத் தேவை. ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்துவிடும். பி12 ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்யலாம்.