புஷ்: அழுத்தித் துலக்கல்

கறுப்பு வெள்ளை பிலிம் எடுப்பவர்கள் லேபில் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது: “இந்த ரோலை ரெண்டு ஸ்டாப் புஷ் பண்ணிக் கழுவுங்க.” கழுவுவது என்றால் டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசலில் போட்டுப் படத்தை வெளிக்கொண்டுவருவது. அந்த வாக்கியத்தில் வரும் ‘புஷ்’ஷுக்குத் தமிழ் என்ன என்று எனக்குள் கேட்டுக்கொண்டது ஒரு மாசி மகத்தில்.

முந்தின இரவு தெருவிளக்கு வெளிச்சத்தில் சாமி புறப்பாடு எடுக்க, 400 வேகமுள்ள பிலிமைப் போட்டு (எண் கூடக் கூடக் குறைந்த வெளிச்சமே போதும்) கேமராவின் வேக டயலை 1600இல் வைத்திருந்தேன். காலையில் பாண்டிச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி. அதே 400 பிலிமில் புது ரோல் மாட்டினேன், டயலைத் திருப்ப மறந்துவிட்டேன். இருபது படம் போன பிறகுதான் கண்ணில் பட்டது. மிச்சத்தையும் 1600இலேயே எடுத்து முடித்தேன். ஒரு ரோல் முழுவதும் ஒரே தொட்டியில், ஒரே நேரக் கணக்கில்தான் கழுவப்படும். பாதியில் டயலை மாற்றினால் ஏதாவது ஒரு பாதி கெட்டுவிடும்.

400இலிருந்து 800 ஒரு படி, அதாவது ஒரு ஸ்டாப்; 1600 இரண்டாம் படி. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். ஆக, என் பிலிமுக்குக் கிடைத்தது தேவையானதில் கால் பங்கு. அந்தக் குறையைக் கழுவும்போது ஈடுகட்டப் பார்ப்பதுதான் புஷ். இல்ஃபோர்டு கம்பெனியின் எச்.பி.5 பிளஸ் என்ற 400 பிலிமை ஐ.டி.11 டெவலப்பரில், தண்ணீர் கலக்காமல் 20 டிகிரியில் கழுவினால், 400க்கு ஏழரை நிமிடம், 800க்குப் பத்தரை, 1600க்குப் பதினான்கு. பாண்டிச்சேரிக் குழாய்த் தண்ணீர் அந்த 20 டிகிரியில் வராது. டெவலப்பர் பாட்டிலையும் தொட்டியையும் ஐஸ் கட்டி போட்ட வாளித் தண்ணீரில் நிறுத்தி, பதினான்கு நிமிடமும் தெர்மாமீட்டரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சூடு ஏறினால் கணக்குக்கு மேலேயே நெகடிவ் கறுத்துவிடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘புஷ்’ ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து போன சொல். மூலம் லத்தீன் ‘புல்சாரே’, அடித்தல், மோதுதல். நாடித்துடிப்பைக் குறிக்கும் ‘பல்ஸ்’ இதற்கு உறவு. இன்றைய பிரெஞ்சிலும் பிலிமை ‘பூஸே’ செய்கிறார்கள். கதவைத் தள்ளுவதற்கும் அதே வினைதான். ‘டெவலப்’பும் பிரெஞ்சுச் சரக்கே. சுற்றியிருப்பதைப் பிரிப்பது என்பது அதன் முதல் பொருள். கடித உறையான என்வலப்பும் அந்தக் குடும்பம்தான்: ஒன்று சுற்றி மூடுகிறது, மற்றது பிரித்துக் காட்டுகிறது.

புஷ்ஷைத் ‘தள்ளுதல்’ என்று எழுதினால் பொருந்தவில்லை. தமிழில் தள்ளுவது ஒதுக்குவதும்தான்; தள்ளுபடி அப்படி வந்தது. ‘உந்துதல்’ என்றால் பிலிமின் வேகமே கூடிவிட்டதாகத் தோன்றும். அது உண்மையில்லை. 400 பிலிம் கடைசிவரை 400தான். கூடுவது கழுவும் வேலை மட்டும்.

எனக்கு வழி காட்டியது நம் கலைச்சொல் ஒன்று. டெவலப்பருக்கு ‘உருத்துலக்கி’ என்று ஏற்கெனவே பெயர் உண்டு. எவ்வளவு நல்ல சொல்! பல் துலக்குகிறோம், பித்தளைக் குடம் துலக்குகிறோம். துலக்கினால் உள்ளே இருப்பது துலங்கும். லேபில் சொல்லும் ‘கழுவுதல்’ பக்கத்திலேயே உட்காரும் வினை. அப்படியானால் புஷ் என்பது அழுத்தித் துலக்கல். புளி போட்டு இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தித் தேய்ப்பது போல.

இந்தச் சொல் புஷ்ஷின் எல்லையையும் சேர்த்துச் சொல்கிறது. பெயர் வெட்டிய குடத்தில் கறுப்பேறியிருந்தால் துலக்கத் துலக்க எழுத்து தெரியும். பெயரே வெட்டாத குடத்தில் எவ்வளவு தேய்த்தாலும் எழுத்து வராது. பிலிமில் வெளிச்சம்தான் அந்த வெட்டு. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பைத்தான் டெவலப்பர் வெள்ளியாக மாற்றும். நிழலில் ஒன்றும் பதியவில்லை என்றால் பதினான்கு நிமிடம் என்ன, நாற்பது நிமிடம் கழுவினாலும் புகைமூட்டம்தான் கூடும். மாறாக, வெளிச்சம் நன்றாகப் பட்ட இடங்கள் நேரம் ஆக ஆக அடர்ந்துகொண்டே போகும். அதனால்தான் புஷ் செய்த படத்தில் கறுப்பும் வெள்ளையும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன, மணல்மணலாகக் கிரெயின் தெரிகிறது.

என் ரோலிலும் அதுவே நடந்தது. சாமியின் திருவாசியும் அலை நுரையும் பளிச்சென்று வந்தன. குடை நிழலில் நின்ற பல்லக்குத் தூக்கிகளின் முகம் நெகடிவில் வெறும் கண்ணாடியாக இருந்தது. அவர்களை எடுக்கத்தான் போனேன்.

இதற்கு எதிர்த்திசை ‘புல்’, ஆங்கிலத்தில் இழுத்தல். 400 பிலிமை 100 என்று வைத்து எடுத்துவிட்டால் கழுவும் நேரத்தைக் குறைப்பது. பிரெஞ்சுக்காரர்கள் இதை இழுப்பதாகச் சொல்லாமல் பிடித்துவைப்பதாகச் சொல்கிறார்கள். நான் அடக்கித் துலக்கல் என்கிறேன். ஐந்து நிமிடத்துக்குக் கீழே மட்டும் அடக்கக் கூடாது; டெவலப்பர் எல்லா இடத்திலும் சமமாகப் பிடிக்காமல் திட்டுத்திட்டாக வரும்.

இப்போது ரோல் டப்பா மேல் ஒட்டும் சீட்டில் ‘அழுத்தி 2’, ‘அடக்கி 1’ என்று எழுதுகிறேன். இரண்டும் ‘அ’வில் தொடங்குவதால் சுருக்குவதில்லை, முழுச் சொல்லையும் எழுதிவிடுகிறேன்.