வேகாத பயறைத் தின்னா பன்னிக்குட்டி ஏன் வளர மாட்டேங்குது?

"சோயா புண்ணாக்கு கட்டுப்படியாகல, பக்கத்துலயே விளையுற பயறை அரைச்சு பன்னித் தீவனத்துல கலக்கலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். கலக்கலாம், ஆனா எந்தப் பயறு, பச்சையா வேகவச்சதாங்கறதுதான் கேள்வியே.

அடிப்படைய சட்டுனு சொல்லிடறேன். புரதம்ங்கறது அமினோ அமிலம்ங்கற துண்டுகளைக் கோத்த சங்கிலி; லைசின், மெத்தியோனின், ஆர்ஜினின் எல்லாம் அந்தத் துண்டுகள்தான். தானியத்துல லைசின் கம்மி. பயறுல லைசின் ஜாஸ்தி, மெத்தியோனின் கம்மி. சேர்த்துப் போட்டா ஒண்ணோட குறைய இன்னொண்ணு ஓரளவு சரிக்கட்டும். சோயா புண்ணாக்குல புரதம் 44லேர்ந்து 48 சதவீதம், பட்டாணில 20-25தான், அதனால கிலோவுக்கு கிலோ மாத்தினா பத்தாது.

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதி. புரதத்த வெட்டுற டிரிப்சின்ங்கற என்சைம கணையம் சிறுகுடலுக்கு அனுப்புது, அது லைசினோ ஆர்ஜினினோ இருக்கற இடமா பார்த்து வெட்டும். சோயாவும் பயறு வகைதான்; பச்சை சோயாவுக்குள்ள குனிட்ஸ் தடுப்பான்னு ஒரு புரதம் இருக்கு, தன்னோட சங்கிலில 63வது இடத்துல ஒரு ஆர்ஜினின வெளிய நீட்டிக்கிட்டு "வந்து வெட்டு"ன்னு நிக்கும், டிரிப்சினும் நம்பி வந்து கவ்வும், கவ்வுனதுதான், விட முடியாது, பூட்டுக்குள்ள ஒடிஞ்ச சாவி மாதிரி ரெண்டும் மாட்டிக்கும். என்ன ஒரு தந்திரம் பாருங்க! அதோட விடாது. எலியில பார்த்தா, குடல்ல மாட்டாம சும்மா இருக்கற டிரிப்சின் குறைஞ்சதும் சிசிகேங்கற ஹார்மோன் ஏறி கணையத்த இன்னும் சுரக்கச் சொல்லுது, சுரந்ததும் மாட்டுது, கடைசில கணையமே பெருத்துடும். பன்னியில அவ்வளவு பெருக்கறதில்ல, ஆனா குட்டி எடை ஏறாது. பன்னி எதைப் போட்டாலும் செரிச்சுடும்னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில்.

தீர்வு என்னன்னா சூடு. பச்சை சோயா தின்ன எலி வளரல, வேகவச்சத தின்னது வளர்ந்துச்சுன்னு ஆஸ்போர்ன், மெண்டல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1917லயே காட்டிட்டாங்க, தடுப்பானை குனிட்ஸ்ங்கற விஞ்ஞானி படிகமா பிரிச்சது 1945ல. ஈரத்தோட சூடு குடுத்தா தடுப்பான் உருக்குலைஞ்சு கவ்வ முடியாமப் போயிடும். ரொம்ப வறுத்தாலும் ஆபத்துதான், லைசின் சர்க்கரையோட ஒட்டிக்கிட்டு பழுப்பாயிடும், பன்னிக்கு அது பயன்படாது. பட்டாணில தடுப்பான் கம்மிங்கறதால வளர்ந்த பன்னிக்கு பச்சையாவே அரைச்சுப் போடலாம்.

சரியா வெந்துச்சான்னு எப்படி பார்க்கறது? சோயாவுல யூரியேஸ்னு இன்னொரு என்சைம் இருக்கு, கிட்டத்தட்ட அதே சூட்டுல அழியும். அரைச்ச மாவுல யூரியாவும் பீனால் ரெட்டும் (காரத்தன்மை ஏறினா சிவக்கற சாயம்) கலந்த தண்ணி விட்டா, யூரியேஸ் யூரியாவை உடைச்சு அம்மோனியா ஆக்கறதால வேகாத துணுக்கு ஒவ்வொண்ணும் சிவப்புப் புள்ளியா மாறும். அருமையான டெஸ்ட், ஆனா அதிகமா வெந்ததையும் சரியா வெந்ததையும் பிரிச்சுக் காட்டாது, அதோட எத்தனை புள்ளி வரைக்கும் பரவால்லங்கற கணக்கெல்லாம் சோயாவுக்குன்னு போட்டது. மத்த பயறுகளுக்கும் இப்படி எளிமையா ஒரு டெஸ்ட் வேணும்னா யாராவது ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்கணும், அந்தக் காசு சோயா பக்கமே போயிட்டிருக்குங்கறதுதான் என் எரிச்சல்.