கண் அழுத்தம் 18 என்றால், யாருக்கு 18?

புத்து மாயாம் (இடியாப்பம்) பிழியும் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் துளையிட்ட தட்டு. மாவு இழை இழையாக இறங்கும். கண்ணின் பின்சுவரிலும் அப்படியொரு தட்டு உண்டு. லாமினா கிரிப்ரோசா என்பார்கள். சல்லடைத் தட்டு என்றே நாம் சொல்லலாம். குறுக்களவு இரண்டு மி.மீ.க்கும் குறைவு. விழித்திரையிலிருந்து கிளம்பும் சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் இதன் துளைகளுக்குள் நுழைந்துதான் மூளைக்குப் போகின்றன. அச்சுத் தட்டு உலோகம், அசையாது. இது கொலாஜன் நார்களால் ஆனது, வளையும். பார்வை நரம்பு மெல்ல அழியும் நோயான குளுக்கோமாவில் நரம்பு அடிபடும் முக்கிய இடம் இதுதான்.

கண்ணுக்குள் நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் நீர் சுரக்கிறது. ஐரிஸும் (கண்ணின் நிறப் பகுதி) கருவிழிப் படலமும் (கார்னியா) சேரும் மூலையில் இருக்கும் வடிகட்டித் திசு வழியாக அது வெளியேற வேண்டும். அந்தத் திசு இறுகினால் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை வழக்கமான அளவு. ரத்த அழுத்தத்தோடு ஒப்பிட்டால் அற்பமாகத் தெரியும். ஆனால் சுவர் தாங்கும் இழுவிசை வேறு கணக்கு: அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, சுவர்க் கனத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். அழுத்தம் 15, ஆரம் 12 மி.மீ., கனம் 0.8 மி.மீ. என்றால் விடை 112, ஏழரை மடங்கு! நரம்பு வெளியேறும் துளையைச் சுற்றி அது இன்னும் குவியும். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்குக் கண் நீண்டு, பின்சுவர் மெலிந்திருக்கும். அதே 15 அவர்களை அதிகம் இழுக்கும்.

தட்டின் மேல்பகுதியிலும் கீழ்பகுதியிலும் துளைகள் பெரியவை, தாங்கும் நார்கள் குறைவு. அங்கே போகும் இழைகளே முதலில் நசுங்குகின்றன. இழைக்குள் நடக்கும் சரக்குப் போக்குவரத்து அடைபடுகிறது, நார்களுக்குள் ஓடும் நுண்குழாய்களில் ரத்தம் குறைகிறது. நாளடைவில் தட்டே பின்னோக்கிக் குழிகிறது. பார்வைப் புலத்தில் வில் வடிவில் ஓட்டை விழுவது இதனால்தான். ஒரு கண்ணின் ஓட்டையை மறு கண் நிரப்பிவிடுவதால், ஃபெடரல் நெடுஞ்சாலையில் தினமும் வண்டி ஓட்டுபவருக்குக்கூட வருடக்கணக்கில் தெரியாது.

தட்டுக்குப் பின்னால் மூளைத் தண்டுவட நீரும் எதிர்ப்பக்கமாக அழுத்துகிறது. தட்டு உணர்வது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. அதை எந்தக் கண் கருவியும் காட்டாது.

கருவி காட்டும் எண்ணிலும் வில்லங்கம் உண்டு. கோல்ட்மன் டோனோமீட்டர் கருவிழிப் படலத்தில் 3.06 மி.மீ. வட்டத்தைத் தட்டையாக்கும் விசையை அளக்கிறது. 1 கிராம் விசை என்றால் அழுத்தம் 10. படலம் சுமார் 520 மைக்ரான் கனம் என்று வைத்துச் செய்த கணக்கு அது. தடித்த படலம் எண்ணைக் கூட்டிக் காட்டும், மெல்லியது குறைத்துக் காட்டும். லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்க லேசரால் படலத்தைச் செதுக்கும் சிகிச்சை) செய்தவரின் 15 நிஜத்தில் 15 ஆக இருக்க வேண்டியதில்லை. கண்ணாடிக் கடையில் காற்று ஊதிப் பார்க்கும் கருவிக்கும் இதே குறை. லேசிக் செய்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படலத்தின் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள். கனத்தை வைத்து எண்ணைத் திருத்தும் சூத்திரங்கள் இருக்கின்றன. தனியாளுக்கு அவற்றை அவ்வளவாக நம்ப முடியாது.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிலருக்கு வடிகட்டித் திசுவை இறுக்கிவிடும். கண் சிவந்ததற்குக் கொடுத்த பழைய புட்டியைத் தானாக எடுத்துப் போடுவது ஆபத்து. சிரசாசனத்தில் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. குளுக்கோமா உள்ளவர்கள் யோகா வகுப்பில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தில் ஒரு சொட்டுக்கு மேல் கண் இமைக்குள் தங்காது. இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். போட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து கண்ணீர்க் குழாய் வழியே தொண்டைக்கு இறங்கிவிடும். வேறொரு மருந்தும் இருந்தால் அதை ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.