சபையில் கணக்குக் கேட்பவரை விரட்டாதீர்கள்

சபை உடைந்த பிறகுதான் அதன் கணக்குகள் என் மேசைக்கு வருகின்றன. உடைவதற்கு முன் ஒருவரும் கூப்பிடுவதில்லை. இந்த ஆண்டும் அப்படி ஒன்று வந்தது. இனியும் பேசாமல் இருப்பது சரியல்ல என்று பட்டதால் எழுதுகிறேன். நான் கணக்காய்வாளன், இறையியல் படித்தவனல்ல. ஆனால் விசுவாசி. யாழ்ப்பாணத்தில் சபைகள் வளர்வதைக் கண்டு மகிழ்கிறவன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

வலிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் சில குடும்பங்களோடு தொடங்கிய சபை அது. சில ஆண்டுகளுக்குள் மண்டபம், ஒலிபெருக்கி, ஞாயிறு பாடசாலை, வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் வரும் உதவி என்று வளர்ந்துவிட்டது. கணக்கு மட்டும் விறாந்தையிலேயே நின்றுவிட்டது. காணிக்கைப் பெட்டியைப் போதகரின் வீட்டில் வைத்துத் திறப்பார்கள். வெளிநாட்டுப் பணம் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு வரும். ஜெனரேற்றருக்கு டீசல், மகனின் ரியூசன் காசு, ஒரு வறிய குடும்பத்தின் வைத்தியச் செலவு எல்லாம் அதே கணக்கிலிருந்து போகும். என்னிடம் தந்த கொப்பியில் சில மாதங்கள் எழுதப்பட்டிருந்தன. பல மாதங்கள் வெறும் பக்கங்கள். இளைஞர் சிலர் கேட்டார்கள். அவர்களைப் பிடித்திருப்பது முறுமுறுப்பின் ஆவி என்று பிரசங்க மேடையிலிருந்தே சொல்லப்பட்டது. அவர்கள் போனார்கள், அவர்களோடு பாதிச் சபையும் போனது.

அந்தப் போதகர் திருடினார் என்று நான் நினைக்கவில்லை. அவர் குடியிருக்கும் வீட்டைப் பார்த்த எவருக்கும் அந்த எண்ணம் வராது. ஆனால் அவர் திருடவில்லை என்று எழுதிக் கையொப்பமிட என்னால் முடியவில்லை. அதற்கு ஆதாரமாக ஒரு பற்றுச்சீட்டுக்கூட இல்லை. இத்தனை ஆண்டு ஊழியம் செய்த மனிதரின் பெயரைக் காப்பாற்ற ஒரு கடதாசி இல்லையே என்று அன்று மனம் நொந்துபோனேன்.

"அபிஷேகம் பெற்றவரிடம் கணக்குக் கேட்கலாமா?" என்று என்னிடம் கேட்காத சபை குறைவு. "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதீர்கள்" என்னும் 105ஆம் சங்கீத வசனத்தைக் காட்டுவார்கள். அந்த வசனத்தின் முன்வரிகளை வாசித்துப் பாருங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் சொந்த நிலமில்லாமல் தேசம் தேசமாக அலைந்தபோது, அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. காணிக்கைப் பெட்டியைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அபிஷேகம் பெற்றவர் கணக்குக் கொடுப்பதைப் பார்க்க வேண்டுமானால் 1 சாமுவேல் 12ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். முதிர்ந்த வயதில் சாமுவேல் இஸ்ரவேலர் எல்லோருக்கும் முன்பாக நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன், சாட்சி சொல்லுங்கள் என்கிறார். சவுலை ராஜாவாக அபிஷேகம் செய்தவர் அவர். ஜனங்கள் கேட்குமுன் அவராகவே கேட்கச் சொல்கிறார்.

கொஞ்சம் வேதம் தெரிந்தவர்கள் 2 இராஜாக்கள் 12ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள். யோவாஸ் ராஜாவின் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்த்த வேலையாட்களுக்குப் பணம் கொடுத்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று 15ஆம் வசனத்தில் இருக்கிறது. உண்மைதான், இருக்கிறது. ஆனால் அதே அதிகாரத்தை மேலிருந்து வாசியுங்கள். முதலில் பணத்தை வாங்கியவர்கள் ஆசாரியர்கள். ராஜாவின் இருபத்துமூன்றாம் ஆண்டு வரை ஆலயம் பழுதுபார்க்கப்படவே இல்லை. அதன் பிறகுதான் மூடியில் துளையிட்ட பெட்டி வைக்கப்பட்டது. பணம் நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் வந்து எண்ணினார்கள். அரசாங்கத்தின் ஆள் ஒருவர், ஆலயத்தின் ஆள் ஒருவர். இருவரும் சேர்ந்து எண்ணிக் கட்டிக் கொடுத்த பணத்தையே வேலையாட்களை மேற்பார்த்தவர்கள் செலவழித்தார்கள். எண்ணிய பகுதியை விட்டுவிட்டு, கேட்காத பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள்.

"எங்கள் பொருளாளர் நல்ல மனிதர், எங்களுக்குத் தெரியும்" என்பது அடுத்தது. சீஷர்களின் பணப்பையை யூதாஸ் வைத்திருந்தான். அதிலிருந்து எடுத்தான் என்று யோவான் எழுதுகிறார். கடைசி இராப்போஜனத்தில் அவன் எழுந்து போனபோது, பண்டிகைக்கு ஏதோ வாங்கப் போகிறான், அல்லது ஏழைகளுக்குக் கொடுக்கப் போகிறான் என்றே சிலர் நினைத்தார்கள். கூடவே இருந்து உண்டவர்களுக்கே தெரியவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?

இனி காணி. என் மேசைக்கு வருவதில் மிகவும் கொடியது இதுதான். சபைக்குச் சட்டப்படி பதிவு இல்லாததால், சபையார் சேர்த்த காசில் வாங்கும் காணியின் உறுதி போதகரின் பெயரில் எழுதப்படுகிறது. "பின்னர் மாற்றலாம்" என்பார்கள். மாற்றுவதில்லை. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின் கீழ், கணவனோ மனைவியோ திருமண காலத்தில் விலைகொடுத்து வாங்கும் சொத்து தேடியதேட்டம். ஒருவர் இறந்தால் பாதி துணைக்கு, மறுபாதி வாரிசுகளுக்கு. பிள்ளைகளில் ஒருவர் ஊழியத்தில் இருப்பார், இன்னொருவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு பங்கு கேட்பார். அது சபையின் காசு என்று நிறுவ வழக்காட வேண்டும். அதற்கும் நான் மேலே சொன்ன வெறும் பக்கக் கொப்பிதான் சாட்சி. காணி உறுதிக்கு நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பதை நாம் எல்லோரும் ஏற்கிறோம். காணிக்கைக்கு மட்டும் ஒருவர் போதும் என்கிறோம். காணி வாங்குமுன் சபையைப் பதிவு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம், நம்பிக்கைப் பொறுப்பு உறுதியும் (trust deed) எழுதலாம். எது பொருந்தும் என்று சட்டத்தரணி சொல்வார்.

உதவிப் பொருள் பட்டியல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் போர் முடிந்த பின் விதவைகளுக்கும் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்களுக்கும் சபைகள் வழியாக உதவி வந்தது, இன்னும் வருகிறது. பட்டியலில் யாருடைய பெயர் முதலில் இருக்கிறது, யாருடைய பெயர் ஒவ்வொரு முறையும் விடுபடுகிறது என்று பார்த்தால் ஊரும் உறவும் தெரியும். சாதியும் தெரியும். இது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போஸ்தலர் 6இல் இதே சிக்கல்தான்: சீஷர்கள் பெருகியபோது, அன்றாட விசாரிப்பில் கிரேக்கம் பேசிய யூதரின் விதவைகள் விடுபட்டார்கள். முறுமுறுத்தவர்களை அப்போஸ்தலர்கள் கடிந்துகொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். பாதிக்கப்பட்ட பக்கத்தவர்களின் கையிலேயே பொறுப்பு போயிற்று. எந்தச் சபை இன்று அப்படிச் செய்யும்?

செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஆராதனை முடிந்ததும் பெட்டியை மண்டபத்திலேயே திறவுங்கள். ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணட்டும். கணவனும் மனைவியும் இருவர் ஆகமாட்டார்கள், மாமனும் மருமகனும் ஆகமாட்டார்கள்; நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொகையை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அடுத்த நாள் முழுத்தொகையையும் சபையின் பெயரிலுள்ள கணக்கில் வைப்பிலிடுங்கள். வழியில் செலவுக்கு எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடக் கூடாது. காசோலைக்கு இரண்டு கையொப்பம் வையுங்கள். ஒருவர் ஊருக்குப் போகிறார் என்று வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையொப்பம் வாங்கி வைக்காதீர்கள். போதகருக்கு மாதச் சம்பளம் நிர்ணயித்துக் கொடுங்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அவருடைய குடும்பத்தைக் காணிக்கைப் பெட்டியின் முன் பசியோடு நிறுத்திவிட்டு, பிறகு அவர் கை நீண்டது என்று குற்றம் சொல்லும் சபையாரிடமும் எனக்கு ஆத்திரம்தான்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்து அனுப்பும் உறவுகளே, உங்கள் பணம் இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிய வைக்கிறது. தயவுசெய்து தனிமனிதரின் கணக்குக்கு அனுப்பாதீர்கள். பற்றுச்சீட்டு கேளுங்கள். 1816இல் தெல்லிப்பழையிலும் பிறகு வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், கப்பல் கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும் காலத்தில், அமெரிக்காவிலிருந்த தங்கள் சங்கத்துக்கு அறிக்கை எழுதி அனுப்பினார்கள். இன்று பற்றுச்சீட்டைப் படமெடுத்து வைபரில் அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

போதகர் ஐயாமாரே, உங்களிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரைக் கூட்டிக்கொண்டு போனார். ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்று காரணமும் எழுதினார். உங்கள் சபையில் வங்கியிலோ கச்சேரியிலோ வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒருவர் நிச்சயம் இருப்பார். அடுத்த ஞாயிறு அவரைக் கூப்பிட்டு, பெட்டிச் சாவிகளில் ஒன்றை அவர் கையில் கொடுங்கள். மார்ச் 31இல் முடியும் ஆண்டுக் கணக்கை ஏப்ரலுக்குள் சபையாருக்கு வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்க எழும்பும் தம்பியை உட்காரச் சொல்லாதீர்கள்.