விலக்குக் காலத்தில் மருந்து எங்கே போகிறது?

சில ஆண்டுகளுக்கு முன், ஜொகூர் நீரிணையில் மிதக்கும் ஒரு மீன் பண்ணைக்குப் போயிருந்தேன். கொடுவா மீன் கூண்டு ஒன்றில் நான்கு நாளாகச் சாவு. உடம்பில் புண், வால் அழுகல். நான் போய்ச் சேரும் முன்பே பண்ணை முதலாளியான தவுக்கே வைத்தியத்தைத் தொடங்கியிருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வாளியில் தீவனக் குருணையைக் கொட்டி, மஞ்சள் பொடியைத் தூவி, கொஞ்சம் மீன் எண்ணெய் விட்டுக் கையாலேயே பிசைந்துகொண்டிருந்தார். பொடி, ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக். கையுறை கிடையாது. விரலிடுக்கெல்லாம் மஞ்சள்.

"எவ்வளவு போடுறீங்க தம்பி?"

"ரெண்டு கரண்டி சார். சாவு நிக்கலன்னு தவுக்கே இன்னைக்கு மூணு போடச் சொன்னாரு."

வாளியைக் கூண்டில் கவிழ்த்தார். நன்றாக இருந்த மீன்கள் பாய்ந்து வந்து தின்றன. நோய்ப்பட்டவை மூலையில் மேலே மிதந்தபடி வாயைக்கூடத் திறக்கவில்லை. காய்ச்சல்காரனுக்குச் சோறு இறங்குமா? மிஞ்சிய குருணை வலைக்கண் வழியே நிதானமாகக் கீழே இறங்கியது. மருந்து தேவைப்படாத மீனுக்கும் கடலடிச் சேற்றுக்கும் போனது, நோயாளிக்குப் போகவில்லை.

தின்ற மீனும் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த மருந்து கடல்நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்ளும். மீன் குடல் அதைக் கொஞ்சம்தான் உறிஞ்சும். மீதி எச்சமாக வெளியேறி அடியில் படியும். வெயிலில் சிதையக்கூடிய மருந்துதான், ஆனால் வெளிச்சமும் ஆக்சிஜனும் எட்டாத சேற்றில் மாதக்கணக்கில் கிடக்கும். கோழி, பன்றி, மாட்டிலும் கதை அதிகம் மாறாது. மருந்தைப் பொறுத்து, கொடுத்ததில் 30 முதல் 90 விழுக்காடு வரை சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். சல்ஃபா மருந்துகள் மழைநீரோடு ஓடும். டெட்ராசைக்ளின் வகை மண்ணைப் பிடித்துக்கொண்டு உட்காரும்.

கால்நடை மருத்துவர் என்று தெரிந்ததும் சிங்கப்பூர் தேக்கா சந்தையில்கூட நிறுத்திக் கேட்பார்கள்: "டாக்டர், இந்தக் கோழியில மருந்து இருக்குமா?" கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு ஓர் ஏற்பாடும் இருக்கிறது. கடைசி வேளை மருந்துக்குப் பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் அறுக்கலாம், பால் விற்கலாம் என்று கணக்கு உண்டு. அதுதான் விலக்குக் காலம். இறக்குமதியாகும் இறைச்சியையும் முட்டையையும் சிங்கப்பூர் உணவு அமைப்பு பரிசோதிக்கிறது. சரி, அந்த விலக்கு நாள்களில் மருந்து எங்கே போனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சிறுநீரகம் என்ன அடுப்பா, எல்லாவற்றையும் எரித்துச் சாம்பலாக்க? தட்டுக்கு வராதது கொட்டகைத் தரைக்கு வந்தது, அவ்வளவுதான். படிக்கும் காலத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில் பார்த்தேன். மடிநோய்க்கு ஊசி போட்ட பசுவின் பாலை விற்கக்கூடாது என்று ஒழுங்காகத் தனியே கறந்தார்கள். பாதியைக் கன்றுக்குட்டிக்கு வைத்தார்கள், பாதியைச் சாக்கடையில் ஊற்றினார்கள். விதிப்படி எல்லாம் சரி.

கொஞ்ச மருந்து நெடுநாள் கிடக்கும் இடத்தில் அதைத் தாங்கும் கிருமிதான் பெருகும். தாங்கும் வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கடத்திவிடும். வேறு மருந்து பலிக்காத நோயாளிக்குக் கடைசியாக எடுக்கும் கோலிஸ்டினையே தாங்கவைக்கும், அப்படிக் கடத்தக்கூடிய மரபணு ஒன்று சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015-இல் வெளிவந்தது. இந்தியாவும் மலேசியாவும் 2019-இல் உணவுக் கால்நடைகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தன.

இது நமக்கு எட்டாத சங்கதி என்று சொல்ல முடியாது. பொங்கோல் பக்கம் பன்றிப் பண்ணைகள் இருந்ததைப் பழையவர்கள் சொல்வார்கள். கழிவு நீர்நிலைகளைக் கெடுத்ததும் ஒரு காரணமாக, 1990 வாக்கில் அவை மூடப்பட்டன. இன்று நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. இறைச்சி இங்கே வந்துவிடுகிறது, சாணம் அந்த ஊரிலேயே தங்கிவிடுகிறது. ஒரு பகுதி மட்டும் மூட்டையில் வரும். வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலைத் தொட்டிக்குக் கோழி எரு போடுகிறீர்கள்தானே? நன்றாக மக்கியதாக வாங்குங்கள். மக்கும்போது பல மருந்துகள் பெருமளவு குறையும், எல்லாம் போய்விடாது. போட்டுவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வழியே இல்லையா என்றால், நார்வேயைப் பாருங்கள். அங்கே மீன் வளர்ப்புக்கு 1987-இல் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் செலவானது. சால்மனுக்குத் தடுப்பூசி வந்தபின், உற்பத்தி பல மடங்கு பெருகியும், மருந்து ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. கொடுவாவுக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தடுப்பூசி இருக்கிறது. ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து ஊசி போட வேண்டும் என்பதால் தவுக்கேமார் முகம் சுளிப்பார்கள். கூலிக் கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனாலும் மூன்று கரண்டிக் கணக்கைவிட அது மேல்.

அன்று எடுத்த மாதிரியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தோம். வளரும் கிருமியின்மேல் மருந்து தோய்த்த சிறு வில்லையை வைப்போம்; மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழும். டெட்ராசைக்ளின் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை, ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. மறுபடி போய்ச் சொன்னபோது தவுக்கே கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மருந்தை நிறுத்தி, செத்த மீனைத் தினமும் எடுத்து, கூண்டில் நெரிசலைக் குறைக்கச் சம்மதித்தார்.

கிளம்பும்போது அந்தத் தம்பி பாதி தீர்ந்த டப்பாவோடு படகுவரை வந்தார்.

"இத என்ன சார் பண்றது? கடல்ல கொட்டிரவா?"

வாங்கி மூடியை இறுக்கி, என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.