சனிக்கிழமையை யாருக்குக் கொடுப்பது?

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு ஏ9 வீதிக் கடைகளிலும் கராஜ்களிலும் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் வன்னியில் பலர். உயர்தர வகுப்பு தொடங்கிய பிறகும் அந்த வேலையை விட முடிவதில்லை. வீட்டுக்கு அந்தக் காசு தேவை. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. கூடவே ஒரு தொழிற்பயிற்சிப் பாடநெறிக்கும் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாம் முட்டிக்கொள்வது சனிக்கிழமையில்.

பகுதிநேர வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான். கடைக்கும் சனிதான் வியாபாரம் கூடிய நாள். ரியூசனும் அன்றைக்கே. சம்பளம் பேசும்போது இதைப் பேசாமல் விட்டால் மூன்றாம் கிழமையே "இண்டைக்கு மட்டும் வாங்கோ தம்பி" என்று அழைப்பு வரும். சனிதோறும் வகுப்பு என்றால், நாலில் ஒன்றை விட்டாலே வரவு 75 வீதம். பயிற்சி நிலையங்கள் பொதுவாகக் கேட்பது 80. பாடசாலை மூலம் உயர்தரம் எழுதுவோரிடமும் வழமையாக 80 வீத வரவு கேட்பார்கள்.

ஆகவே வகுப்பு நேரசூசியை முதலில் கையில் எடுங்கள். அதன் பிரதி ஒன்றை முதலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் சம்பளம் பேச வேண்டும். பாடசாலை 1.30க்கு விடும். கிழமை நாட்களில் மூன்று நாள் 3 மணி முதல் 5.30 வரை, ஞாயிறு காலை 4 மணித்தியாலம், மொத்தம் பதினொன்றரை. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு இதற்கு மேல் வேண்டாம் என்பதே எமது உறுதியான கருத்து. தருமபுரம், விசுவமடுப் பக்கமிருந்து வருபவர் கடை பூட்டும் நேரத்தை நம்பக்கூடாது; கடைசி பஸ் நேரத்தைச் சொல்லி வேலை கேட்க வேண்டும். காலபோக அறுவடைக்கு வயலில் ஆள் தேவைப்படும் நாட்களையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

2021 சட்டத் திருத்தத்தின்படி 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்க முடியாது. 18 வயதாகும் வரை ஆபத்தான வேலைகளும் தடை. வயலுக்கு மருந்தடிப்பது, ஆழ்கடல் தொழில், மதுபான விற்பனை போன்றவற்றுக்கு, கூலி கூடக் கிடைத்தாலும், போக வேண்டாம்.

பகுதிநேர ஊழியருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. சம்பளத்தில் பிடிக்கக்கூடியது 8 வீதம். முதலாளி தன் பங்காக 12 வீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதம் முழுவதும் முதலாளியுடையது, அதை உங்களிடம் பிடிக்க முடியாது. காசைப் பிடித்தும் அங்கத்துவ இலக்கம் தராமல் இழுத்தடித்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

படிக்கும் துறையிலேயே வேலை கிடைத்தால் அதன் பெறுமதி வேறு. மோட்டார் சைக்கிள் திருத்தம் படிப்பவர் பலசரக்குக் கடையில் நிற்பதை விட, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் கராஜில் நிற்பது மேல். 80 பக்கக் கொப்பி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். திகதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, பொறுப்பாளர் கையொப்பம். "வேலை பழகினேன்" என்று எழுதுவதில் பயனில்லை. "செயின் செட் மாற்றியது, பிளக் துப்புரவாக்கி இடைவெளி சரிபார்த்தது" என்று இருக்க வேண்டும். தேசிய தொழில் தகைமைக்கான மதிப்பீட்டில் கேட்கப்படுவது திறனும் அதற்கான ஆதாரமும். பாடநெறிக்குப் போகாமல், வேலையில் கற்ற திறனை மட்டும் மதிப்பிட்டுச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. அங்கேயும் இந்தக் கொப்பி கைகொடுக்கும்.

சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்கள் சனிக்கிழமையை இப்படிப் பங்கு போட வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவில், பெறுபேறு எதுவானாலும் 12ஆம் வகுப்பில் சேர்ந்து, தேசிய தொழில் தகைமை மட்டம் 4 வரை போகலாம். இந்தப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. கிட்ட எங்கே இருக்கிறது என்பதை வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். போகும்போது பெறுபேற்றுத் தாளும் அடையாள அட்டைப் பிரதியும் கையில் இருக்கட்டும்.